சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு துளை

லீக்ஸ் பாத்தியில் தண்ணீர் நின்றால் முதலில் இலை நுனிதான் மஞ்சளாகும். நிறையப் பேர் அதைப் பசளைக் குறை என்று நினைத்து யூரியாவை அள்ளிக் கொட்டுவார்கள். கோளாறு எங்கே என்று பார்க்காமல் மருந்து போடுவது நம் ஆட்களின் பழக்கம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது, ஐயா. நீங்கள் மழைமானியைப் பற்றிக் கேட்டீர்கள். லீக்ஸிலிருந்து தொடங்கினால்தான் அதற்கு ஒழுங்காக வந்து சேரலாம். தேத்தண்ணீர் ஆறுகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள்.

என் பெயர் விஜேந்திரன். தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் கடைசி வீடு. எங்கள் தோட்டத்தில் யார் வீட்டில் எது கெட்டுப்போனாலும் கூப்பிடுவது என்னைத்தான். கூரைத் தகரம் ஒழுகினால் பழைய சைக்கிள் டியூபை வெட்டித் தார் பூசி ஒட்டுவேன். நத்தைக்கு முட்டை ஓடும் அடுப்புச் சாம்பலும். காட்டுப்பன்றிக்கு, பண்டாரவளை சலூனில் கூட்டி அள்ளிய தலைமுடி. அதைப் பாத்தியைச் சுற்றித் தூவினால் மனித வாடைக்குப் பயந்து கிட்டே வராது. காஸ் இல்லாமல் நாடே அலைந்த வருஷத்தில் பெயிண்ட் டின்னில் மரத்தூள் அடுப்பு செய்து லயம் முழுக்கக் கொடுத்தவனும் நான்தான். எது இல்லாவிட்டாலும் அதற்கு ஒரு மாற்று வழி இருக்கும் என்பது என் கட்சி.

அதனால்தான் மழைமானியை யார் பொறுப்பில் வைப்பது என்று அதிகாரிகள் வந்து கேட்டபோது எல்லாக் கையும் என் பக்கம் நீண்டது. பெரிய யந்திரம் ஒன்றுமில்லை. உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் குழாய், அதில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடுகள். மழைத் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் நான் சைரனின் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். சரிவில் எங்களுக்குக் கீழே இருக்கிற கீழ் லயத்து ஆட்கள் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டு ஸ்கூலுக்குப் போய்விட வேண்டும். மலை சரிந்து இறங்கினால் முதலில் போவது அவர்கள் வீடுகள் என்று படம் போட்டுக் காட்டினார்கள். எனக்கு ஒரு மழைக்கோட்டும் தந்தார்கள். நல்ல கோட்டு, கையிடுக்கில் மட்டும் ஒழுகும். அதையும் டியூப் வைத்து ஒட்டிக்கொண்டேன்.

போன வருஷம் தண்ணீர் சிவப்பைத் தொட்டது. சுற்றினேன். கீழ் லயம், மேல் லயம், நாய்கள் எல்லாம் ஸ்கூலுக்குப் போயின. மலை அசையவில்லை. ஆளும் நாயும் இல்லாத தோட்டத்துக்குள் காட்டுப்பன்றிகள்தான் குடும்பத்தோடு இறங்கின. லீக்ஸ், கரட், பீட்ரூட் எல்லாம் போய்விட்டன. சலூன் முடியைக்கூட மூக்கால் கிளறிப் பார்த்துவிட்டுப் போயிருந்தன.

கீழ் லயத்துக் கந்தப்பன் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில், குடத்தோடு நின்ற பெண்கள் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்: "என்ன விஜேந்திரா, நீ மலையக் கூப்பிட்டா பன்னியில்ல வந்திருக்கு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு உள்ளே எரிந்துகொண்டே இருந்தது. அவர்கள் உயிருக்காகத்தான் என் பாத்தியை விட்டுவிட்டுப் போனேன் என்பது ஒருவர் ஞாபகத்திலும் இல்லை. மனிதர்களுக்கு நன்றி என்பது காஸ் மாதிரி, வேண்டிய நேரத்தில் தீர்ந்திருக்கும்.

இந்த வருஷம் எல்ல டவுனில் ஒரு ஹோட்டல் நடத்துகிற ஷாஹ்மி என்பவர் வந்து என் லீக்ஸைப் பிடுங்கி மணந்து பார்த்தார். "ஒங்கட மரக்கறிய மட்டும்தான் எடுப்பம். ஆனா ஒரு கிழமையும் பிசகப்படாது" என்றார். வெள்ளைக்காரர்கள் தட்டில் என் லீக்ஸ். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே மரியாதை அது, ஐயா. அதைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தது குற்றமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது கோளாறுகளுக்கு வருவோம். முதல் கோளாறு, பாத்தியில் தண்ணீர். மேலே தேயிலை மலையிலிருந்து மழைத் தண்ணீரை வடிக்கிற கான் ஒன்று என் பாத்தி ஓரமாகப் போகிறது. மண் சேர்ந்து, நிரம்பி வழிந்தது. தோட்டத்து ஆபீசில் சொன்னால் அடுத்த பிறவியில் ஆள் அனுப்புவார்கள். நான் கானை ஓரிடத்தில் அடைத்து, பக்கத்தில் ஒரு வாய் வெட்டி, தண்ணீரைச் சரிவுக்குள் திருப்பிவிட்டேன். பாத்தி காய்ந்தது. தண்ணீர் எங்கே போனது என்று கேட்கிறீர்கள். கீழேதான் போனது.

இரண்டாவது கோளாறு, பாத்தியின் கீழ் ஓரத்தில் தரை வெடித்தது. முதலில் விரல் போகும் அளவு, பிறகு கையே போகும் அளவு. பார்க்க அசிங்கமாக இருந்தது, அதோடு ஹோட்டல்காரர் வந்து போகிற இடம். பதுளைக் கடைத்தெருவில் வாஹித் நானாவிடம் சிமெந்து வாங்கப் போனேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். மூட்டையைத் தூக்கிய கை அப்படியே நின்றது.

"நெலம் வெடிச்சா சொல்ல வேண்டிய எடத்துல சொல்லணும் விஜேந்திரன். பூசி மறைக்கிற சாமானா அது? கீழ ஆக்கள் இரிக்கிறாங்க தானே."

"பாக்குறேன் நானா" என்றேன். அவர் சிமெந்து தரவில்லை. கடைக்காரர் என்றால் வியாபாரத்தைப் பார்க்க வேண்டும். பிறகு களிமண்ணையும் சாணியையும் குழைத்து அடைத்து மேலே புல் பத்தை பதித்தேன். சிமெந்தைவிட அழகாக வந்தது.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்கிற கோளாறு. குழாயில் தண்ணீர் சிவப்பைத் தொடுவது. தொட்டால் சைரன், சைரன் என்றால் ஸ்கூல், ஸ்கூல் என்றால் பன்றி. பன்றி வந்தால் ஹோட்டலும் போய்விடும், பீலியடியில் மறுபடியும் சிரிப்பு. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால் என்ன செய்வோம். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு துளை வைப்போம், மிச்சம் வழிந்துவிடும். ஆணியை அடுப்பில் காய்ச்சி, சிவப்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு துளை போட்டேன். கண்ணுக்கு உறுத்தாத சின்னத் துளை. வேலை சுத்தமாக இருந்ததை உங்கள் ஆட்களே ஒத்துக்கொண்டார்களாமே.

பொய் சொன்னதாக எழுதிவிடாதீர்கள். அதிகாரிகள் ஃபோனில் கேட்கும்போதெல்லாம் குழாயில் இருந்ததைத்தான் சொன்னேன். ஒரு துளி கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்தே விடாத மழை. மத்தியானம் கந்தப்பனின் மருமகள் கலாராணி படியேறி வந்தாள். கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துத் தலைக்குப் பிடித்திருந்தாள்.

"அண்ணே, மழைன்னு மலையிலருந்து எல்லாரையும் நேரத்தோட அனுப்பிட்டாங்க. சமையக்கட்டுச் செவுருல தண்ணி ஊத்து மாதிரி வருது. மதுஷாவுக்குக் காய்ச்சல் வேற. அவள தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிறவா? மானி என்ன சொல்லுது?"

குழாயைக் கழற்றி, நானும் ஒரு பக்கம் பிடித்தபடி அவள் கையிலேயே கொடுத்தேன். துளை என் விரலுக்கு அடியில் இருந்தது. "நீயே பாரு தங்கச்சி. செவப்பத் தொட்டுச்சா?"

நன்றாகக் குனிந்து பார்த்தாள். "தொடலண்ணே."

"அப்பறம் என்ன. காய்ச்சக்காரப் புள்ளைய மழையில தூக்கிக்கிட்டு அலையாத. வீட்டுல கஞ்சி வச்சுக் குடு." இரண்டு லீக்ஸும் கொடுத்தனுப்பினேன். "ஒங்ககிட்ட கேட்டாத்தான் அண்ணே மனசு நிம்மதியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வீட்டுக்கு வீடு நின்று சேதி சொல்லியிருப்பாள் போல. ஸ்கூலுக்குப் போகத் துணியை மூட்டை கட்டிய ரெண்டு குடும்பமும் அதைக் கேட்டுத்தான் அவிழ்த்தார்களாம்.

பின்நேரம் தேத்தண்ணீர் வேளையில் மலை இறங்கியது. என் பாத்தியும், அதன் கீழே கலாராணி, மதுஷா, கந்தப்பன் இருந்த வீடும், அந்த ரெண்டு குடும்பத்தின் வீடுகளும் போயின. வேலையை நேரத்தோடு விட்டதால் எல்லாரும் உள்ளே இருந்தார்கள். முதல் மண்வெட்டி என்னுடையது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கை கிழியத் தோண்டினேன். கந்தப்பனை எடுத்தபோது அழுதேன், அது நடிப்பில்லை. இனி பீலியடியில் அவர் பேச்சு இருக்காது என்று நினைத்ததும் ஒரு மாதிரியாக இருந்தது.

குழாயை விட்டுத்தள்ளு, கண்ணால் பார்த்தே சைரனைச் சுற்றியிருக்கலாமே என்கிறீர்கள். அதெப்படி ஐயா. சிவப்பைத் தொட்டால்தான் சுற்ற வேண்டும் என்பது உங்கள் அரசாங்கத்தின் விதி. ஒழுங்குமுறையை மீறுகிற ஆள் நான் இல்லை. தொடாமலே சுற்றி, மலையும் வராமல் போயிருந்தால் ஊர் என்ன சொல்லும்.

கடைசியாக, என் மனைவி ரெங்கம்மா உங்களிடம் சொன்ன விஷயம். அவள் எதையும் மறைக்கத் தெரியாதவள். ஆமாம், லீக்ஸ் நாற்றுத் தட்டுகளை நான்தான் மேட்டில் இருக்கிற கோயில் மண்டபத்துக்குத் தூக்கிப்போனேன். கலாராணி படியிறங்கிப் போன உடனேதான். பதித்த புல் பத்தை இரண்டாகப் பிளந்து அந்தப் பக்கம் தாழ்ந்துபோயிருந்தது. இந்த மண் பொழுது சாய்கிறவரை தாங்காது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மழையில் ஒரே ஆளாகத் திரும்பத் திரும்ப நடந்து எல்லாத் தட்டையும் ஏற்றினேன். ஒரு நாற்றுகூடச் சாயவில்லை.

என்னை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள். கீழ் லயத்து ஆட்களுக்குக் கால் இருக்கிறது ஐயா, நாற்றுகளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.