நிச்சயமா என்று கேட்காத திரை

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அக்காவின் கை அப்படி. குடியுங்கள், மாப்பிள்ளை. அவளுக்குக் காது போய்ப் பல வருடம் ஆகிறது, ஆனால் உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வாள். அதனால்தான் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் பேச வேண்டாம், கேட்டால் போதும். என் ஆபீஸ்காரர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த மூலையில் இருக்கிறதே, கறுப்புத் திரை, அது நான் அவளுக்காகவே எழுதிய மெயில் புரோகிராம். வெறும் எழுத்துதான், படம் வராது. உங்கள் கல்யாணப் படம்கூட வரவில்லை, அதனால் உங்கள் முகம் அவளுக்குத் தெரியாது. போன் பேச முடியாதவளுக்கு உலகமே அதுதான்.

முதலில் அதில் ஏகப்பட்ட கட்டளைகள். படிக்க ஓர் எழுத்து, பதில் போட ஓர் எழுத்து, வந்ததையெல்லாம் வரிசையாகப் பார்க்க இன்னொன்று. எதை அமுக்கினாலும் ‘நிச்சயமா?’ என்று கேட்கும். அக்கா அலுத்துக்கொள்வாள். “என்னடா இது, நொய்நொய்னு கேட்டுக்கிட்டே இருக்கு. நிச்சயம் இல்லாமலா அமுக்குறேன்?”

பிறகு ஒருநாள் திரையிலிருந்து திரும்பினாள், முகமெல்லாம் பல். “பொண்ணு வரச் சொல்றாடா. அங்கேயே வந்து இருந்துடுன்னு எழுதியிருக்கா.”

“அப்போ என் சோத்துக்கு என்ன வழி?” என்றேன்.

“ஏன், உனக்குக் கை இல்லையா?”

சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளுக்காகக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவன் நான். என் முகத்தை அவள் இரண்டாம் முறை பார்க்கவில்லை. அது எனக்கு வலித்தது.

அந்த வாரமே புரோகிராமை மாற்றினேன். இரண்டே விசைகள். ஒன்றை அமுக்கினால் புதுக் கடிதம் வரும், மற்றதை அமுக்கினால் எழுதியது போகும். வரிசையும் கிடையாது, கேள்வியும் கிடையாது. “இப்பதான்டா மனுஷன் பண்ண மாதிரி இருக்கு” என்று என் கன்னத்தைத் தட்டினாள்.

உங்கள் மனைவியின் கடிதங்கள் மட்டும் திரைக்கு வரும் முன்பே அழிந்துவிடும். அக்கா அவளுக்கு எழுதியவை வெளியே போகாது. ‘போய்ச் சேர்ந்தது’ என்று திரை சொல்லும், அவ்வளவுதான். ஏன் அம்மா பதில் போடுவதில்லை என்று உங்கள் மனைவி எனக்கும் ஒருமுறை எழுதிக் கேட்டாள். கேட்காமல் நீ கல்யாணம் செய்துகொண்ட கோபம் அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை, தொந்தரவு செய்யாதே என்று பதில் போட்டேன்.

ஆனால் ஒன்றையும் நான் படித்ததில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற புத்தி எனக்குக் கிடையாது. அவளுக்கு உடம்பு முடியாமல் போனது, அம்மாவை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கடைசி மூச்சுவரை எழுதிக்கொண்டே இருந்தது, எல்லாம் இன்று நீங்கள் வாசலில் நின்று சொல்லித்தான் தெரியும். தெரிந்திருந்தால் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருப்பேன். கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நான் தோளில் தூக்கி வளர்த்த பெண் அவள். எனக்கு மட்டும் நெஞ்சு வெடிக்கவில்லை என்று நினைக்கிறீர்களா?

காலையில் எழுந்ததும் அக்கா அந்த விசையைத்தான் அமுக்குவாள். கரண்ட் பில் வரும், பழைய சிநேகிதி எழுதியது வரும். “நான் என்னடா தப்பு பண்ணேன்? பெத்த பொண்ணு ஒரு வார்த்தை எழுத மாட்டேங்குறாளே” என்று அழுவாள். நான் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். நானும் இல்லாவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

“டேய், டீ ஆறுதுடா. குடிக்கச் சொல்லு அவரை. ஏன் ஒரு மாதிரி இருக்கார்?”

கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். அக்கா பார்க்கிறாள்.

அவளிடம் சொல்லிவிடலாம் என்று மட்டும் எழுந்திருக்காதீர்கள். தாங்க மாட்டாள். நாளைக் காலை அவள் அமுக்கும்போது மகளிடமிருந்து கடிதம் வரும். இனி வாரா வாரம் வரும். நான் எழுதிக்கொள்கிறேன். அதற்கு உங்களிடம் ஒரே ஓர் உதவிதான் வேண்டும். அம்மாவுக்கு எழுதும்போது முதல் வரியில் அவள் எப்படிக் கூப்பிடுவாள்? நான்தான் படித்ததே இல்லையே.