முன்பே அறிமுகமான தோல்

காவல் நிலைய நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பதை மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம், ஐயா. வலது தொடையில் இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை. என் தோலைச் செருப்பாய்த் தைத்துப் போடுவேன் என்று வாயால் முழங்கும் வீரர்களை நாடு நிறையப் பார்த்திருக்கிறது. படிவத்தில் கையெழுத்திட்டு, மனைவிக்கு உரித்தே கொடுத்தவன் நான்.

அதுவும் இருமுறை.

மூன்றாண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், எங்கள் சலவைக்கடையின் நீராவிக் குழாய் வெடித்து அவள் முதுகு வெந்தது. அது என் செயலன்று, குழாயின் செயல். பொய் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. பிறர் தோல் நிலைத்து ஒட்டாது, இரண்டு வாரம் புண்ணைப் போர்த்திக் காக்கும், அதற்குள் உடம்பு தேறினால் அவள் தோலையே எடுத்து ஒட்டலாம் என்றார்கள். இடது தொடையைக் கொடுத்தேன். பதினைந்து நாள் அது அவள் முதுகில் குடியிருந்தது. நான் மனிதனாக மதிக்கப்பட்ட நாள்கள் அவை. கல்யாணமான நாள்முதல் எனக்கு நாற்காலி காட்டாத மாமியார், அதைத் துடைத்துப் போட்டார். "மாப்பிள்ளைன்னா இவருல்ல மாப்பிள்ளை" என்றார் மச்சான். தெருவே என்னை நலம் விசாரித்தது.

பிறகு அவள் குணமானாள். குணமாவது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் விசாரிப்பு முழுவதும் அவள் பக்கம் போய்விட்டது. கடைக்கு வருவோரிடம் நான் தொடைக் கதையைத் தொடங்கினால், இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமலே சொல்வாள்: "போதும்ங்க. எத்தனை தடவைதான் அந்த ஒரே தோலை உரிப்பீங்க?" வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். ஈகைக்கு இந்த உலகம் செலுத்தும் மரியாதை அது.

ஊரை மாற்றினேன். புதிய கடை, என் கதையை அறியாத தெரு. பழைய கொடையைச் சொல்லிச் சொல்லி எவனும் பெரிய மனிதனாக முடியாது. புதிதாகக் கொடுக்க வேண்டும். கொடுக்க ஒரு தேவை வேண்டும். தேவையோ தானாக வருவதாயில்லை. ஒரு திங்கட்கிழமைக் காலை, அவள் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது, நீராவிக் குழாயின் நட்டை ஸ்பேனரால் இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். மூன்று அன்று, இரண்டே. அளவறிந்து செய்பவன் நான்.

குழாய் பிய்த்துக்கொண்டு அவள் மார்பும் கைகளும் வெந்தன. நீராவி அவள் தொண்டைக்குள்ளும் புகுந்தது என் திட்டத்தில் இல்லாதது. மூச்சுக்குக் குழாய் செருகியதால் அவளுக்குப் பேச்சில்லை. ஆகவே மருத்துவமனைப் படிவத்தை நானே நிரப்பினேன். முதுகுத் தழும்பு: சிறுவயதில் வெந்நீர் கொட்டியது. முன்பு பிறர் தோல் பெற்றதுண்டா: இல்லை. இம்முறை வலது தொடையை நீட்டினேன்; எடுத்தவர்கள் அதை மட்டுமே பார்த்தார்கள். செவிலியர் கண் கலங்கினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் பழம் நறுக்கிக் கொடுத்தார்கள். நான்கு நாள் எல்லாம் முறையாக நடந்தது.

ஐந்தாம் நாள் என் தோல் கறுத்து உரிந்தது. மருத்துவர் அம்மா தம் அறைக்கு அழைத்தார்.

"ரெண்டு வாரம் தாங்க வேண்டிய தோல், சார். இவ்வளவு சீக்கிரம் உடம்பு தள்ளுதுன்னா, இதை அது முன்னாடியே பார்த்திருக்கு. அடையாளம் வச்சிருந்து அடிச்சிருக்கு. எப்பவாவது அவங்களுக்கு உங்க ரத்தம் ஏத்தினாங்களா?"

"இல்லைங்க."

"உங்க குழந்தையைச் சுமந்திருந்தாலும் சில பேருக்கு இப்படி ஆகும்."

"அந்தக் கொடுப்பினை எங்களுக்கு இல்லைங்க."

அவர் பேனாவை மூடினார். "அப்போ இடது தொடையைக் கொஞ்சம் காட்டுங்க."

சிந்தித்துப் பாருங்கள், ஐயா. சாட்சி சொல்ல அவளுக்கு நாவில்லை. அவள் உடம்போ, மூன்றாண்டு என்னை மறவாமல் வைத்திருந்து காட்டிக் கொடுத்தது. உபகாரி என்று போற்ற வேண்டியவனை அந்நியன் என்று குறித்து வைத்திருக்கிறது. நன்றிகெட்டதனத்துக்கு அறிவியல் சூட்டியிருக்கும் பெயர் எதிர்ப்பாற்றல்.

ஆம், நட்டைத் தளர்த்தியவன் நானே, எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு இன்னும் தோல் போதவில்லையாம். என்னுடையதை வைத்தால் மூன்று நாள்கூடத் தாங்காதாம். பரவாயில்லை. வலது தொடையில் ஒரு சாண் இடம் மிச்சமிருக்கிறது. படிவத்தைக் கொடுங்கள், கையெழுத்திடுகிறேன். அவள் கண் விழித்ததும், கொடுத்தது யார் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.