மீசை வைத்த வேட்பாளர்

"என் படத்துக்கு மீசை வரைஞ்சிட்டானுங்கண்ணே. எனக்கு நல்லாத்தான் இருக்கு."

கோல சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகும் பஸ்ஸில் முன் இருக்கைப் பெண் இப்படிச் சொன்னதும், கைப்பேசியை மடியில் வைத்துவிட்டேன். சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக நிற்பவர். அவர் கையிலிருந்த நோட்டீஸில் அதே முகம் இருந்தது. பக்கத்து இருக்கையில் அவருடைய அண்ணன்.

"சிரிக்கிறியா? நாலஞ்சு படத்த கிழிச்சும் போட்டானுங்க."

"கிழிக்கட்டும். வேற ஒட்டுவேன்."

"கட்சி இல்ல, கொடி இல்ல. யாரு போடுவா உனக்கு ஓட்டு?"

"எஸ்டேட் குழாயில செம்மண் தண்ணி வருதே, அத புடிச்சு வடிகட்டிக் குடிக்கிறவங்க போடுவாங்க. தேர்தலுக்குத் தேர்தல் வந்து நல்ல தண்ணி வரும்னு சொல்லிட்டுப் போறானுங்க. போதும்லா. இந்தத் தடவ நான் கேக்கப் போறேன்."

"தோத்துட்டா?"

"தோத்துட்டுக் கேப்பேன்."

அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"காலையில முதலாளி கூப்பிட்டாரு. தங்கச்சிய பேசாம வீட்டுல இருக்கச் சொல்லு, இல்லன்னா லோரி சாவிய வச்சிட்டுப் போன்னாரு."

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சாவிய மேசையில வச்சிட்டு வந்துட்டேன்."

அவர் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பசியாறிட்டீங்களாண்ணே?"

"இல்ல."

"எறங்கிச் சாப்பிடுவோம். அப்புறம் எஸ்டேட் லயத்துல வீடு வீடா ஓட்டு கேக்கணும். நீங்கதான் முன்னால நடக்கணும்."