கொதி விழுந்துரும்னு

உக்காருளா ஷீஜா. நின்னுக்கிட்டே இருந்தா மட்டும் கதவு சீக்கிரம் தொறந்துருமா? டாக்டர் நம்மளக் கூப்பிடாமப் போவமாட்டாவ. இன்னா, இந்த பெஞ்சுல இரி. நானா? எனக்கு இருப்புக் கொள்ளல, நான் நிக்கேன்.

எம்மவளா? அவளுக்கு வயித்தால போறது நின்னுட்டு. அஞ்சு நாளா தண்ணியாப் போய்க்கிட்டிருந்த பிள்ள, இன்னைக்கு இட்லி கேக்கா. சாயங்காலம் வீட்டுக்குப் போவலாம்னுட்டாவ. அவுக அப்பாவும் ஆத்தூர்லேருந்து ஆட்டோ புடிச்சிட்டு வாராவளாம். சந்தோசம்தான். ஒம்மவன் அந்தக் கதவுக்கு உள்ள டிரிப்போட கெடக்கயில எனக்கு என்ன சந்தோசம், சொல்லு.

எங்க போனேனா? சோப்பு வாங்கத்தான் கீழ போயிருந்தேன். காலைலேருந்து கையக் கழுவிக்கிட்டே இருக்கேன், தோலு உரியுது பாரு. கையப் புடிக்காத, விடு.

வீசிங்குன்னு வந்த பிள்ளதானே உன் ஜெர்சன். இழுப்பு நேத்தே அடங்கிட்டு. இன்னைக்கு அனுப்பிருப்பாவ. அதுக்குள்ள வாந்தியும் போக்கும். ரெண்டு வயசுப் பிள்ளைக்கு கண்ணு எப்படி உள்ள போயிட்டு பாத்தியா.

உன் மாமியா பேசினத நானும் கேட்டேன். வார்டே கேட்டுது. கேண்டீன் இடியாப்பத்த வாங்கிக் குடுத்து பிள்ளைய இந்தப் பாடு படுத்திட்டா, வளக்கத் தெரியாதவன்னு. உன் வீட்டுக்காரரும் சொவரப் பாத்துக்கிட்டு நின்னாரு. அழாதளா. அந்த இடியாப்பத்த நீயுந்தானே தின்ன? உனக்கு ஒண்ணுஞ் செய்யலல்லா?

வேற யாரும் எதுவும் குடுத்தாவளான்னு டாக்டர் கேட்டாவல்லா. நீ இல்லேன்னுட்ட. பக்கத்துலதான் நின்னேன், எனக்கு வாய் வரல. உன்மேல தப்பில்ல, உனக்கு எப்படித் தெரியும்.

முந்தாநாள் மத்தியானம் எக்ஸ்ரே சீட்டு வாங்கப் போனியே, பிள்ளையப் பாத்துக்கிடுங்க அக்கான்னுட்டு. நான் எம்மவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டிருந்தேன். மூணு நாளைக்குப் பொறவு அன்னைக்குத்தான் வாயத் தொறந்திருக்கா. உன் மவன் கட்டில் கம்பியப் புடிச்சிக்கிட்டு எங்க கிண்ணத்தையே பாத்துட்டு நிக்கான். எச்சி முழுங்குதான். ஒரு பிள்ள ஏங்கிப் பாக்கயில நம்ம பிள்ளைக்கு மட்டும் ஊட்டினா கொதி விழுந்துரும், தின்னது வயித்துல தங்காதும்பாவ எங்க ஊர்ல. எம்பிள்ளைக்கு சும்மாவே தங்கல. நான் பயந்துட்டேன்.

ஒரு வாய் குடுத்தேன்ளா. எம்மவ வாயில வச்ச அதே கரண்டி. கொஞ்சம் முன்னாலதான் அவ வெளிக்கிப் போன துணிய அலசிட்டு வந்திருந்தேன், கையில தண்ணி மட்டுந்தான் ஊத்தினேன். நர்ஸ் ஏஞ்சலின் தெனமும் சொல்லுதா, சோப்பு போடுங்க, சோப்பு போடுங்கன்னு. கஞ்சி ஆறிரும்னு நெனச்சேன். ஜெர்சன் சிரிச்சான். இன்னும் வேணும்னு கைய நீட்டினான். ரெண்டாவது வாயும் குடுத்தேன்.

பாசத்துல குடுத்தேன்னு நெனச்சிராத. எம்பிள்ள வயித்துக்காகத்தான் குடுத்தேன்.

ஏன் அப்படிப் பாக்க? அடிக்கதுன்னா அடிச்சிரு.

கதவத் தொறக்காவ பாரு. எந்திரி, நானும் உள்ள வாரேன். டாக்டர்ட்ட நானே சொல்லுதேன். உன் மாமியாளையும் கூப்பிடு, அவுக காதுலயும் விழட்டும்.