ஆயிரத்து இருநூற்று ஐந்து பருந்துகள்

பருந்து எண்ணப் போகிறவனுக்கு முதலில் வேண்டியது நல்ல கண் இல்லை, ஐயா. நல்ல கம்பளிக் காலுறை. பனி விட்டும் விடாத இந்த மாதத்தில் மலை உச்சியில் கால் விறைத்துப்போனால் புத்தி எண்ணிக்கையில் நிற்காது. புதிதாக வருகிறவர்களிடம் இதைப் பத்தொன்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்?

என் தங்கை கணவர் போட்டுக்கொண்டார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடிகாரம் பழுதுபார்க்கிறவர், ஒரு தூசிக்காக ஒரு நாளையே செலவழிக்கிற ஆள். வடக்கே திரும்பும் பருந்துகளை எண்ண எங்கள் சங்கத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது, நான்தான் அவரை மேலே கூட்டிப்போனேன்.

எங்கள் முறை எளிது. இரண்டு பேர், ஆளுக்கொரு எண்ணும் கருவி, ஒரு பறவைக்கு ஒரு அமுக்கு. மணி முடிந்ததும் ஒப்பிடுவோம். வித்தியாசம் இருந்தால் குறைந்த எண்தான் பதிவேட்டில் ஏறும். தனியாள் என்றால் அவன் சொன்னதே கணக்கு. எண்ணும் நேரம் முடியும்வரை வானத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. விதிகளை எழுதியவன் நான்.

ஆறு வருடத்துக்கு முன் நான் தனியாகப் போய் ஒரே நாளில் 1,204 எண்ணினேன். சங்க அறையில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். செயலாளர் அந்த எண்ணைச் சொல்வதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்வார். அதை நம்பித்தான் அடிவாரக் காட்டில் கல்குவாரிக்கு அனுமதி கொடுத்தார்கள். பருந்துகள்தான் இவ்வளவு செழிப்பாக இருக்கின்றனவே என்றார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

மாப்பிள்ளை வந்த பிறகு எண்ணிக்கை முப்பது, நாற்பது என்று படுத்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். போன வாரம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தங்கையை வைத்துக்கொண்டே கேட்டார்.

"மச்சான், அந்த ஆயிரத்து இருநூத்தி நாலு எண்ணுன அன்னைக்கு மலை முழுக்க மூடுபனின்னு வானிலை ஆபீஸ் குறிப்புல இருக்கே. எப்படி எண்ணுனீங்க?"

"அவங்க கீழ உக்காந்து எழுதுறவங்க, மாப்பிள்ளை. விடுங்க."

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல ஒரு வார்த்தை கேட்டுடுறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் தம்ளரில் தண்ணீர் ஊற்றினேன்.

உச்சியின் வடக்கு விளிம்பில் இடுப்பளவுக்கு ஒரு சங்கிலி உண்டு. முதலில் ஏறுகிறவர் அதன் மரையாணியை ஸ்பேனரால் இறுக்கிவிட்டு, "சரி" என்று கீழே குரல் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை நான் முதலில் ஏறினேன். ஆணி ஆடியது. நான் கழற்றவில்லை, அதைத் தெளிவாகப் போடுங்கள். இறுக்கவில்லை, அவ்வளவுதான். "சரி" என்றேன். பத்தொன்பது வருடப் பழக்கம், வாயில் தானாக வந்துவிடுகிறது.

பத்து முதல் பதினொன்று வரை எண்ணும் நேரம்.

"மச்சான், எனக்கு ஒண்ணுமே தெரியலையே. இறங்கிடலாமா?" என்றார் மாப்பிள்ளை. பாவம், கிட்டத்தில் பார்த்தே பழகிய கடிகாரக் கண்.

"விளிம்புக்குக் கீழ பறக்குதுங்க. சங்கிலியப் புடிச்சு எட்டிப் பாருங்க."

அவர் என் பேச்சைத் தட்டாதவர்.

விழுந்தது பத்து நாற்பத்திரண்டுக்கு. உடனே போய்விடவில்லை, ஒரு பாறைப் பிளவைப் பிடித்துக்கொண்டிருந்தார். "மச்சான்" என்று கூப்பிட்டார். "கயிறு, மச்சான்" என்றார். அப்புறம் என் தங்கை பெயரைச் சொன்னார். கயிறு என் காலடியில்தான் கிடந்தது, மறுக்கவில்லை. ஆனால் மணி முடிய இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. பதினோரு மணிக்குக் கயிற்றைக் கையில் எடுத்தேன். அப்போது கூப்பிட ஆள் இல்லை.

தனியாள் ஆகிவிட்டதால் என் எண்ணே ஏறியது: 1,205. எனக்குப் பேராசை கிடையாது. ஒன்றே ஒன்றுதான் கூட.

தங்கை என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இரண்டு நாளில் சரியாகிவிடுவாள்.

உடலை எடுக்க ஏறிய உங்கள் ஏட்டு, மூடுபனியில் தன் கையே தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராம். உண்மைதான். விடிந்ததிலிருந்தே அப்படித்தான், ஒரு பருந்தையும் நான் பார்க்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்பும் பார்க்கவில்லை. ஆனால் விதியை மட்டும் மீறவில்லை, ஐயா. அந்தப் பதினெட்டு நிமிடமும் வானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.