வெட்டிப்போட்ட நாலு நாள்

பாத்தாச்சு தம்பி, போதும். செல்லை உள்ள வை. பதினாலு மாசக் கட்டட வேலையை ரெண்டு நிமிஷத்துல ஓட்டிக் காட்டிட்டியாம், ஊரே லைக் போடுதாம். போடட்டும், எனக்கென்ன? எதுத்தாப்புல இன்னொரு கட்டடம் வருது, திரும்பவும் உங்க மொட்டைமாடியில கேமரா வச்சுக்கறேன் அக்கான்னு பல்லைக் காட்டிக்கிட்டு வந்து நிக்கிற. விடமாட்டேன். மீறி வச்சா தூக்கிக் கீழ போட்டுருவேன், ஆமா.

அக்கா நொக்கான்னு குழையாத. போன தடவையும் இப்படித்தான் குழைஞ்ச.

என்ன கோவமா? சரி, எடு செல்லை. ஓட்டு. இன்னும் கொஞ்சம்... நிறுத்து! இது பன்னெண்டாவது மாடி. இப்ப ஓட்டு. பாத்தியா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள பதிமூணு. நடுவுல நாலு நாள் கிரேன் அசையாம நின்னுச்சே, அது எங்க? தினமும் துணி காயப்போட மாடிக்குப் போறவ நான், என்கிட்டயே பூ சுத்தாத.

வெட்டிட்டியா? ஏனாம்?

ஓகோ. ஒண்ணுமே நடக்கல, பாக்கறவனுக்குப் போரடிக்கும். ஆடிக்கிட்டே இருந்தாத்தான் உனக்குப் படம், நின்னாக் குப்பை. நல்லா இருக்குய்யா உன் நியாயம்!

அந்தக் கிரேனை ஓட்டினது யாருன்னு தெரியுமா? உனக்கெங்க தெரியும். என் வீட்டுக்காரரு. மேல அந்தக் கண்ணாடிக் கூண்டுல உக்காந்த எடத்துலயே நெஞ்சுவலி. விசாரணைன்னு நாலு நாள் நிறுத்தி வச்சாங்க. அதைத்தான் நீ ஒண்ணும் நடக்கலன்னு தூக்கிக் கடாசியிருக்க.

மூஞ்சியைத் தொங்கப்போடாத, எனக்குப் பத்திக்கிட்டு வருது. உக்காரு. வெட்டினதையெல்லாம் அழிச்சுட்டியா?

வச்சிருக்கியா. நெசமாவா? நேரமும் தெரியுமா அதுல?

அப்பச் சரி. பத்து நிமிஷத்துக்கு ஒரு படம்னுதானே அன்னிக்குச் சொன்ன? மொத நாள் காலையில உள்ளதை மட்டும் எடு.

அன்னிக்கு எங்களுக்குள்ள சண்டை. ஒண்ணுமில்லாத விஷயம், அவங்க அக்கா வீட்டுக்குப் போறதா வேண்டாமான்னு. சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுத்துக்காம விருட்டுன்னு போயிட்டாரு. பதினொண்ணேகாலுக்கு நான் மாடிக்குப் போறேன், கிரேன் சும்மா நிக்குது. என்னைப் பாத்தாக் கூண்டுலேர்ந்து கையாட்டுவாரு, அன்னிக்கு ஆட்டல. வீம்பு புடிச்ச மனுஷன், வேணும்னே முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்காருன்னு நெனச்சேன். இருக்கட்டுமே, எனக்கு மட்டும் ரோஷம் இல்லையான்னு நானும் விறுவிறுன்னு எறங்கி வந்துட்டேன். ஒரு போன் பண்ணல. காத்து பலமா இருக்கு, அதான் நிறுத்திட்டாருன்னு கீழ இருந்தவங்களும் விட்டுட்டாங்க. ஒரு மணிக்குத்தான் ஏறிப் பாத்திருக்காங்க.

வலி வந்த அரைமணி நேரத்துல கொண்டாந்திருந்தாப் பொழைச்சிருப்பாரும்மான்னு டாக்டர் சொன்னாரு. அன்னிக்கு மாடியிலேர்ந்து பாத்ததைப் பத்தி யாருகிட்டயும் நான் வாயைத் திறக்கல. அவங்க அக்காகிட்டகூட.

மாடிதானே வேணும் உனக்கு? எடுத்துக்க. எத்தனை மாசம் வேணும்னாலும் வச்சுக்க. கிரேன் எத்தனை மணிக்கு நின்னுச்சுன்னு மட்டும் பாத்துச் சொல்லு. பத்து மணின்னா நான் ராத்திரி தூங்குவேன். பதினொண்ணுன்னா... அதையும் மறைக்காமச் சொல்லிடு தம்பி.