படகுக்குப் போனவன்

தண்ணீருக்குள் காலைத் தூக்கி வைத்து நடக்கக் கூடாது, தேய்த்துத்தான் நடக்க வேண்டும். அடியில் கடற்புல்லுக்குள் திருக்கை மீன் படுத்திருக்கும். தெரியாமல் மிதித்தால் வாலால் ஒரு போடு போட்டுவிடும். குளிர்காலத்தில் திருக்கை ஆழம் பார்த்துப் போய்விடுகிறது, அதுவும் எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் தேய்த்தே நடப்போம். இந்தக் காயலில் இறங்கி மீன் பிடிக்கிறவனுக்குக் கடைசியில் மளிகைக் கடைக்குள்கூட அந்த நடைதான் வரும். காலையில் நான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குள் வரும்போது என் காலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், டெபுடி இபாரா. வலி ஒன்றும் இல்லை. பழக்கம்.

உங்களை எனக்குத் தெரியும். நான் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் வந்தவர் நீங்கள். இடது பக்கம், ஜன்னலோரம், காதில் எதையாவது மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு வார்த்தை பேசியதில்லை. குறையாகச் சொல்லவில்லை, அந்த வயதில் எல்லாரும் அப்படித்தான். காபி நன்றாக இருக்கிறது.

அமாடோர் கான்ட்டூ விஷயமாக வந்திருக்கிறேன். பனிமூட்டத்தில் நடந்த விபத்து என்று நீங்களே எழுதி முடித்துவிட்டீர்கள். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, கூப்பிடவும் இல்லை. நானாக வந்தேன் என்பதை எங்காவது குறித்துக்கொண்டால் நல்லது.

அமாடோர் டயர் கடை வைத்திருந்தவன். என் மனைவி நடீன் உயிரோடு இருந்த காலத்திலிருந்தே நானும் அவனும் ட்ரவுட் மீன் பிடிக்கப் போவோம். படகை நிறுத்திவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, புல்திட்டு மேலே மெதுவாக நடந்துகொண்டே தூண்டில் வீச வேண்டும். அவன் பேசுவான், நான் கேட்பேன். நடீன் போன பிறகு வீட்டில் என் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. அவள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஏதோ சொல்ல வந்து பாதியில் நிறுத்தினாள், அவ்வளவுதான். மகன் எங்கோ தூரத்தில் ஆரிகனில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்குப் பேசுவான், பிறகு அதையும் விட்டுவிட்டான். நான் யாரோடும் பேச்சை முதலில் நிறுத்தியதில்லை. எப்போதும் அடுத்தவர்தான் நிறுத்துகிறார்கள்.

உங்களுக்கெல்லாம் நான் மிஸ்டர் ஹாஸ்கெல். துறையில் தூண்டில் இரை விற்கிற டாட் எல்லாரையும் 'கண்ணு' என்பாள். அவள் வாசலில் மீன்தலைக்குக் காத்திருக்கும் பெலிக்கன் பறவையும் அவளுக்குக் கண்ணுதான். ஓர்வில் என்ற என் பெயரைச் சுருக்கி 'ஓர்வி' என்று கூப்பிட இந்த மாவட்டத்திலேயே அமாடோர் ஒருவன்தான் மிச்சம் இருந்தான். வாரத்தில் இரண்டு நாள் கூப்பிடுவான். மற்ற நாட்களில் வீட்டில் டிவி ஓடும்.

அந்த வாரம் படகைத் தண்ணீரில் இறக்கும்போது சொன்னான், வீட்டை விற்றாகிவிட்டது, சனிக்கிழமை லபக்கில் மகள் கிராசியேலா வீட்டுக்குப் போகிறேன் என்று. லபக் எங்கே இருக்கிறது, நமக்குத் தெரியும். கடல் வாடையே எட்டாத ஊர்.

"லபக்ல உக்காந்து என்னடா பண்ணுவ?" என்றேன்.

"பேத்தியக் காலைல ஸ்கூல்ல விடுவேன். சாயங்காலம் கூட்டிட்டு வருவேன். நடுவுல தூங்குவேன்."

"மீனு?"

"டப்பால வரும், ஓர்வி. மூடியத் தொறந்தாப் போதும், காலத் தேய்க்க வேண்டாம்."

சிரித்தேன். அவன் சொன்னால் சிரிப்பு வரும். எனக்கு அவன் மேல் கோபம் இருந்தது என்று நீங்கள் நினைத்தால் அது தப்பு. மனிதன் தன் பிள்ளையிடம் போவதில் என்ன குற்றம் இருக்கிறது.

இரண்டு நாள் முன்புதான் வாடைக்காற்று அடித்து ஓய்ந்திருந்தது. தண்ணீர் ஐஸ் மாதிரி கிடந்தது. அதன் மேல் தெற்கிலிருந்து இளம்சூடான காற்று லேசாக வந்துகொண்டிருந்தது. அப்படி வந்தால் மூட்டம் இறங்கும் என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். மார்பு வரைக்கும் வருகிற ரப்பர் உடையை மாட்டும்போது அவன் இடது முழங்காலில் பழைய ஒட்டு பிரிந்திருந்ததைப் பார்த்தேன். சொன்னேன். "சனிக்கிழமை போறவனுக்குப் புதுசு எதுக்கு?" என்றான். இருவருடைய போனையும் படகில் மஞ்சள் பெட்டிக்குள் வைத்து மூடினோம். தண்ணீருக்குள் போன் கொண்டுபோகும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

காற்று முதுகில் பட நடந்துகொண்டே போனால் படகு வெகுதூரம் பின்னால் நின்றுவிடும். யாராவது ஒருவன் திரும்பிப் போய் எடுத்துவர வேண்டும். எங்கள் கணக்கில், சின்ன மீன் பிடித்தவன் படகுக்குப் போக வேண்டும். எனக்கு அன்றைக்குக் கை நீளத்துக்கு ஒன்று வந்தது. நல்ல மீன்தான். அதற்குப் பிறகு அவன் தூண்டில்கழி வளைந்தது. அவன் பேசவே இல்லை, அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது அங்குலத்துக்கு மேலே ஒரு பெட்டை ட்ரவுட். முதுகெல்லாம் புள்ளி, வாய்க்குள் மஞ்சள். ஆயுள் முழுக்க இறங்கி நடந்தும் அப்படி ஒன்றைத் தொடாமலே போகிறவர்கள் இருக்கிறார்கள். அவன் அதைத் தண்ணீருக்குள்ளேயே ஏந்தி வைத்திருந்து, அது தெம்பாகி வாலை அடித்ததும் விட்டான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"பாத்தியா, ஓர்வி. இனிமே எனக்கு இந்தக் காயல்ல ஒரு பாக்கியும் இல்ல. போ, படகக் கொண்டா."

போனேன். இன்னொரு வழக்கமும் எங்களுக்கு உண்டு. மூட்டம் இறங்கினால் தண்ணீரில் நிற்கிறவன் நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது. இருவரும் நடந்தால் ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்விடுவோம், ஒரு பக்கம் கப்பல் கால்வாய் வேறு இருக்கிறது, கால் வைத்தால் ஆள் காணாது. ஆகவே அவன் நின்று கூப்பிடுவான். படகில் இருக்கிறவன் இஞ்சினை அணைத்துக் கேட்டு, தள்ளுகழியால் படகின் விலாவில் இரண்டு தட்டு தட்டுவான். வருகிறேன் என்று அதற்கு அர்த்தம். இத்தனை வருடத்தில் அமாடோர் ஒரு தடவைகூட நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததில்லை. மற்ற விஷயங்களில் அவன் சொல்பேச்சுக் கேட்காதவன்.

நான் படகில் ஏறும்போது மூட்டம் வந்து மூடியது. இஞ்சின் கிளம்பவில்லை, காற்றில் எங்கோ அடித்துப் போய்விட்டேன், அவன் குரல் கேட்கவே இல்லை என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா. ஊரே அதைக் கேட்டது. அந்த வாரம் என் வீட்டுக் கதவு சும்மா இருக்கவில்லை. டாட் மீன்சூப் கொண்டுவந்தாள். பாதிரியார் வந்தார். அமாடோரின் தங்கை தமாலே கொழுக்கட்டை சுற்றி எடுத்துவந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன பண்ணுவீங்க, அண்ணனுக்கு விதி அங்க இருந்துச்சு" என்று அழுதாள். நானும் அழுதேன், அதில் நடிப்பு இல்லை. நாற்காலி போதாமல் தோட்டத்து நாற்காலியை உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது. அடுத்த வாரம் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்து யாரும் வரவில்லை. இப்போது மறுபடி டிவிதான்.

இஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. நான் அதைக் கிளப்பவே இல்லை. நங்கூரத்தை எடுத்துவிட்டு, காற்று போன போக்கில் கழியால் தள்ளிக்கொண்டே வந்தேன். அவன் இருமுவது கேட்டதும் நங்கூரத்தை இறக்கினேன். கயிற்றைக் கைக்குள் பிடித்து மெதுவாக இறக்கினேன், சத்தம் வந்தால் மீன் கலையும். எங்களுக்கு நடுவில் நாலு பஸ்ஸை நிறுத்தலாம், அவ்வளவு தூரம்தான். பிறகு பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஓர்வி, படகு கெடச்சுதா? இல்ல உன்ன மாதிரி அதுக்கும் ஞாபக மறதி வந்துருச்சா?"

நன்றாகக் கேட்டது. மூட்டத்துக்குள் குரல் பக்கத்து நாற்காலியில் இருந்து வருகிற மாதிரி வரும். சற்று நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டான். "ஓர்வி, கழியத் தட்டுடா. நான் இங்கதான் நிக்கிறேன், அசையல." அதற்குப் பிறகு அடிக்கடி கூப்பிட ஆரம்பித்தான். ஒரு மாதத்தில் கூப்பிடுகிற அளவுக்கு அன்று ஒரே காலையில் கூப்பிட்டான். சனிக்கிழமைக்குப் பிறகு யார் கூப்பிடப் போகிறார்கள் என்று யோசித்தேன். இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொள்கிறேன் என்றுதான் இருந்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள் என்று தோன்றுகிறது.

மஞ்சள் பெட்டிக்குள் அவன் போன் அடித்தது. கிராசியேலாவாக இருக்கும். துண்டைப் போட்டு மூடினேன்.

"கிழவா, வெளயாட்டு போதும். உள்ள தண்ணி வந்துருச்சு. காலு எங்க இருக்குன்னே தெரியல." அதைச் சொல்லும்போது பல் அடித்துக்கொண்டது. போய்விடலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் அவன் அதைச் சொன்னான்.

"ஓர்வி, கேக்குதா? கிராசியேலாட்ட பேசிட்டேன். பின்னால ஒரு ரூம் சும்மா கெடக்கு. நீயும் லபக்குக்கு வந்துருடா. தனியா இங்க கெடந்து என்ன பண்ணப் போற. சனிக்கெழம வண்டி ஏறும்போது சொல்லலாம்னு இருந்தேன், உன் மூஞ்சியப் பாக்கணும்னு."

மறுபடி உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அப்படி ஒன்று சொன்னதில்லை, டெபுடி. சந்தோஷமாக இருந்தது. அதை இன்னொரு தடவை அவன் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது. தட்டினால் அவன் பேச்சு நின்றுவிடும், பிறகு படகில் ஏறி நடுங்குவான், திட்டுவான், அந்த வார்த்தை திரும்ப வராது. ஆகவே காத்திருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்துக் குரல் வந்தது. கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவனிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னான்.

"ஓர்வி, நீ அங்கதான் இருக்க. எனக்குத் தெரியுது. காபி வாசம் வருது."

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள், முடியப்போகிறது. அவன் அப்படிச் சொன்னதும் நான் கழியைக் கையில் எடுத்துவிட்டேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். தட்டத்தான் எடுத்தேன். இன்னும் ஒரே ஒரு முறை என் பெயரைச் சொல்லட்டும், சொன்ன உடனே தட்டுகிறேன் என்று கழியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றேன். கை வலித்தது, மாற்றிப் பிடித்துக்கொண்டேன். மூட்டம் விலகி, அவன் தொப்பி மட்டும் புல் மேலே மிதப்பது தெரிகிற வரைக்கும் காது கொடுத்துக்கொண்டுதான் நின்றேன். பேச்சை முதலில் நிறுத்தியது அவன்தான்.